சுவிஸ் ஷாஸ்லா வெள்ளை வைன்: வாங்கிறதில இருந்து ஃபொண்டூ மேசை வரைக்கும் முழு முறை

சுவிஸில ரெஸ்டோரண்ட் சேர்விஸுக்குப் புதுசா வாற எங்கட பிள்ளையளுக்கும், வேலையிடத்து ஆக்களை வீட்டுக்கு ஃபொண்டூவுக்கு (உருக்கின சீஸில பாணைத் தோய்ச்சுச் சாப்பிடுறது) கூப்பிட்டுட்டு எந்தப் போத்தலை எடுக்கிறது எண்டு கடையில நிண்டு யோசிக்கிற ஆக்களுக்கும் இது. விஷயம் ஒரே ஒரு திராட்சையைப் பற்றினது, ஷாஸ்லா. வலே மாநிலத்தில அதில செய்யிற வைனுக்கு ஃபாந்தான் எண்டு பேர், வோ மாநிலத்தில அந்தந்த ஊர்ப் பேராலயே விப்பினம். சுவிஸில ஆகக் கூடுதலா நட்டிருக்கிற வெள்ளைத் திராட்சை இது தான், ஆனா சுவிஸ் வைனில நூற்றுக்கு ஒண்டு ரெண்டு வீதம் தான் நாட்டை விட்டு வெளிய போகுது, அதால வேற நாட்டில இருந்து வாறவைக்கு இதைப் பற்றி ஒண்டும் தெரிஞ்சிருக்காது.

இது மணம் குறைஞ்ச, புளிப்புக் குறைஞ்ச, அல்ககோல் 12 வீதத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கிற வைன். தன்னைப் பெரிசாக் காட்டாது. அதால மற்ற வைனில மறைஞ்சு போற பிழையெல்லாம் இதில உடன தெரியும். கூடக் குளிரா வச்சா தண்ணி மாதிரி, உறைப்புச் சாப்பாட்டோட வச்சா வைன் இருக்கிறதே தெரியாது, கன வருஷம் கிடந்த போத்தலை எடுத்தா சப்பெண்டு இருக்கும். புது ஆக்கள் தடுமாறுறது முக்கால்வாசி ஒழுங்கு மாறிச் செய்யிறதால தான், அதால ஒழுங்கு பிடிச்சே சொல்லுறன்.

1. முதல்ல சாப்பாடு, பிறகு தான் போத்தல்

எல்லாரும் முதல்ல போத்தலை வாங்கிட்டு வந்து பிறகு என்ன சமைக்கிறது எண்டு யோசிக்கினம். இந்த வைனுக்கு அது சரிவராது. ஷாஸ்லா எல்லாம் ஒரே மாதிரி எண்டு வெளியில ஆக்கள் நினைச்சாலும் மெல்லிசானது ஒரு பக்கம், நல்ல பாரமானது ஒரு பக்கம் இருக்கு, எது வேணும் எண்டதைச் சாப்பாடு தான் சொல்லும்.

மீன், சலட், சாப்பாட்டுக்கு முதல் கொறிக்கிற சாமான் எண்டா மெல்லிசானது. ஃபொண்டூ, ராக்லெட் எண்டா இளம் ஃபாந்தான். சொசேஜ், லீக்ஸ், கனமான சாப்பாடு எண்டா ஏகிள், இவோர்ன் பக்கத்து வைன். நல்லாப் பழுத்த கட்டிச் சீஸ் எண்டா டெசாலே மாதிரிப் பெரிய ஆள். இந்த ஊர்ப் பேருகள் என்ன எண்டு அடுத்த பகுதியில வருது.

மாட்டிறைச்சிக் குழம்பு, சிவப்பு வைனில போட்டு வத்த வைக்கிற இறைச்சி, சொக்கலேட் கேக், இதுகளோட எண்டா இந்தப் பக்கமே வராதீங்கோ. சாப்பாட்டுக்குப் பிழையில்லை, வைன் தான் வீணாப் போகும்.

2. லேபிளை வாசிக்கிறது

புது ஆக்கள் கடையில லேபிளில ஷாஸ்லா எண்ட சொல்லைத் தேடித் தேடிப் பாத்துட்டுக் கிடைக்கேல்லை எண்டு வருவினம். வோ மாநிலத்தில கன போத்தலில திராட்சையின்ர பேர் முன்னால இருக்காது. ஊர்ப் பேர் மட்டும் இருந்து, உள்ள வெள்ளை வைன் எண்டா, அது ஷாஸ்லா எண்டு எடுத்துக் கொள்ளலாம். அதால நீங்கள் பாடமாக்க வேண்டியது ஊர்ப் பேருகளை.

லோசானுக்கும் ஜெனீவாவுக்கும் இடையில இருக்கிற லா கோத் பக்கம்: ஃபெஷி, மோன்-சூர்-ரோல், வான்செல், லுவான். இதுகள் மெல்லிசா, பூ வாசத்தோட, லேசாக் குடிக்கக் கூடிய வைன். மீனுக்கும் பின்னேரத்துக்கும் நல்லது.

லோசானில இருந்து வெவே வரைக்கும் கல்லுச் சுவர் கட்டிப் படிப்படியா ஏறிப் போற தோட்டங்கள் தான் லவோ, 2007 இல யுனெஸ்கோ பட்டியலில சேத்தது. எப்பெஸ், சான்-சஃபோரான், விலெத், லுத்ரி எல்லாம் இங்க. வெயில் மேல இருந்தும் வருது, லெமான் (ஜெனீவா) வாவித் தண்ணியில பட்டுத் தெறிச்சும் வருது, பகல் முழுக்கச் சூடேறின கல்லுச்சுவர் இரவிலயும் சூட்டை விடுது. அதால பழம் நல்லாப் பழுக்கும், வைனும் கொஞ்சம் நிறைவா இருக்கும். டெசாலேயும் கலமானும் இதுக்குள்ள தான், அந்த ரெண்டுக்கும் கிராண்ட் குரு எண்ட தனி உயர்தர அந்தஸ்து இருக்கு.

ஒரு பிழையை இங்கயே சொல்லிடுறன். கிராண்ட் குரு எண்ட சொல்லு வோ மாநிலத்தில வேற கன ஊர்ப் போத்தலிலயும் இருக்கும், அதைப் பாத்துட்டு இது பத்து வருஷம் வைக்கலாம் எண்டு வாங்கி நிலக்கீழ் அறையில போட்டுடாதீங்கோ. ஊர்ப் பேரைப் பாருங்கோ.

வாவி முடியிற இடத்துக்கு அங்கால ஷாப்லே பக்கம்: இவோர்ன், ஏகிள், ஒலோன், பெக்ஸ். கல்லு மண், மலைக் காத்து. குடிக்கேக்க தீக்கல்லு உரசின மாதிரி ஒரு வாசம் வரும், பிடிச்ச ஆக்களுக்கு நல்லாப் பிடிக்கும்.

வலேயில வேலை லேசு, ஃபாந்தான் எண்டு பெரிசா எழுதியிருக்கும், அந்தப் பேரை வேற மாநிலம் போட ஏலாது. ஆனா அதே தட்டில பெத்தித் ஆர்வின், ஜொஹானிஸ்பெர்க், ஹைடா எண்டு வேற வெள்ளைகளும் நிக்கும். நல்ல வைன்கள் தான், ஆனா வேற திராட்சை, மணமும் அல்ககோலும் கூட. வலே வெள்ளை எண்ட ஒண்டை மட்டும் பாத்து எடுத்துக் கொண்டு வந்தா ஃபொண்டூவுக்கு வச்ச கணக்குப் பிழைக்கும்.

நொய்ஷாத்தெல் மாநிலத்தில வடிகட்டாத ஷாஸ்லா ஒண்டு ஜனவரி மூண்டாவது புதன்கிழமை விற்பனைக்கு வரும். கலங்கலா இருக்கும், அது பழுதில்லை. திறக்க முதல் போத்தலை மெல்லமா ஒருக்காத் தலைகீழாப் பிடிச்சு நிமித்துங்கோ, அடியில இருக்கிற மண்டி கலந்தா தான் அந்த வைனுக்குரிய ருசி வரும்.

வருஷம்: போன வருஷம், அதுக்கு முந்தின வருஷம், அவ்வளவு தான். விலை குறைச்சுப் போட்டிருக்கு எண்டு ஆறேழு வருஷத்து ஃபாந்தானை எடுக்காதீங்கோ. நல்ல கையால செய்த டெசாலே மட்டும் விதிவிலக்கு, அது பத்து வருஷத்துக்கு மேலயும் நிக்கும், தேன் வாசமும் கொட்டைப் பருப்பு வாசமும் வரும்.

வாங்கிற இடம் எண்டா, மிக்ரோஸில வைன் இல்லை, கோப்பில இருக்கு, டென்னரில இருக்கு. அதை விட நல்லது நேரா வைன் செய்யிற வீட்டில வாங்கிறது. வலேயில மே மாதமளவில வாற இயேசுவின்ர விண்ணேற்றத் திருநாளை ஒட்டியும், வோவில பெந்தகோஸ்து வார இறுதியிலயும் கன வீடுகள் நிலவறையைத் திறந்து வைப்பினம், கிளாஸை வாங்கிக் கொண்டு ஒவ்வொண்டாக் குடிச்சுப் பாத்து வாங்கலாம். ஒரே நாளில மூண்டு ஊர் ஷாஸ்லாவைப் பக்கத்துப் பக்கத்தில குடிச்சா, நான் மேல எழுதினது முழுக்க வாயாலயே விளங்கும்.

மூடி திருகு மூடியா இருந்தா மலிவு எண்டு நினைக்காதீங்கோ. சுவிஸில நல்ல ஷாஸ்லாவே திருகு மூடியோட தான் கனக்க வருது. தக்கையால வாற பூஞ்சண வாசம் மெல்லிசான வைனைத் தான் முதல்ல கெடுக்கும், அதால தான் இந்த வைன் செய்யிறவை மூடிக்கு மாறினவை.

3. எவ்வளவு வாங்கிறது

இங்க வைன் கணக்கு டெசிலீற்றரில (நூறு மில்லிலீற்றர்), சனம் டெசி எண்டு சொல்லும். ரெஸ்டோரண்டில ஒரு டெசி கிளாஸ், ரெண்டு டெசி, மூண்டு டெசி, அரை லீற்றர் எண்டு கேப்பினம். கிளாஸில கோடு போட்டிருக்கும், அந்தக் கோடு வரைக்கும் ஊத்த வேணும், குறைஞ்சாலும் பிழை கூடினாலும் பிழை.

போத்தல் 75 சென்ரிலீற்றரும் இருக்கு, 70 உம் இருக்கு, 50 உம் இருக்கு. 75 எண்டா ஏழு கிளாஸ் வரும். நாலு பேருக்கு ஃபொண்டூ எண்டா சமையலுக்கே மூண்டரை டெசி போயிடும், அதை மறந்துட்டு ஒரு போத்தலோட நிக்கிற ஆக்களைக் கனக்கப் பாத்திருக்கிறன். நாலு பேருக்கு ரெண்டு போத்தல், அது காணும்.

சேர்விஸில நிக்கிற பிள்ளையள் கவனிக்க வேண்டிய ரெண்டு விஷயம். வைனும் பியரும் 16 வயசில இருந்து, டிசினோவில மட்டும் 18. முகத்தைப் பாத்துச் சந்தேகம் எண்டா அடையாள அட்டையைக் கேளுங்கோ, இங்க அதை ஒருத்தரும் குறையா எடுக்க மாட்டினம். மற்றது கார் ஓடுறவைக்கு ரத்தத்தில அல்ககோல் 0.5 புரோமில் (ஆயிரத்துக்கு 0.5) தான் எல்லை, புதுசா லைசன்ஸ் எடுத்தவைக்கு 0.1, அதால ரெண்டாவது கிளாஸுக்குப் பிறகு தண்ணியைக் கேக்காமலே கொண்டு போய் வையுங்கோ.

4. குளிராக்கிறது

ஆகக் கூடப் பிழை நடக்கிற இடம் இது. இளம் ஷாஸ்லாவுக்கு 8 இல இருந்து 10 டிகிரி, டெசாலே மாதிரிப் பெரியதுக்கும் பழையதுக்கும் 10 இல இருந்து 12. வீட்டுப் பிரிட்ஜ் 5 டிகிரியளவில ஓடுது. நேரா எடுத்து ஊத்தினா வாசம் முழுக்க மூடிப் போய், கடைசியில வாற மெல்லிய கைப்பு மட்டும் நாக்கில நிக்கும், குடிக்கிற ஆள் இது என்ன தண்ணி எண்டு கேப்பார்.

அதால முதல் நாளே பிரிட்ஜில வைக்கலாம், ஆனா ஊத்த ஒரு கால் மணித்தியாலத்துக்கு முதல் வெளிய எடுங்கோ. கோடை நாள் எண்டா பத்து நிமிஷம் காணும், கிளாஸுக்குள்ள போனாப் பிறகும் சூடு ஏறும்.

மறந்து போய் ஆக்கள் வந்து நிக்கினம் எண்டா வாளியில ஐஸும் தண்ணியும் பாதிப் பாதியாப் போட்டுப் போத்தலைக் கழுத்து வரைக்கும் இறக்குங்கோ, கால் மணித்தியாலத்தில சரியாகும். வெறும் ஐஸை மட்டும் போட்டா நேரம் இழுக்கும். ஐஸ் கட்டி போத்தலில அங்கங்க தான் முட்டும், தண்ணி எண்டா சுத்தி வர முட்டும். ஃபிரீசருக்குள்ள வைக்காதீங்கோ, மறந்தா வெடிக்கும், மறக்காட்டிலும் வெளிப்பக்கம் உறைஞ்சு உள்ளுக்கு ஒரு சூடு எண்டு ரெண்டுங்கெட்டான் ஆகும். கிளாஸுக்குள்ள ஐஸ் போடுறது வேண்டவே வேண்டாம்.

கூடச் சூடானாலும் பிழை. 14, 15 டிகிரிக்கு மேல போனா புளிப்புக் குறைஞ்ச வைன் எண்டதால தளர்ந்து போகும், அல்ககோல் மணம் மட்டும் மூக்கில ஏறும்.

5. திறந்து ஊத்திறது

பெரிய பலூன் கிளாஸ் வேண்டாம். சின்ன வாய் உள்ள வெள்ளை வைன் கிளாஸ் காணும், இருக்கிற கொஞ்ச வாசமும் அதில தான் ஒண்டா நிக்கும்.

முதல்ல வீட்டுக்காரருக்கோ ஓடர் பண்ணினவருக்கோ கொஞ்சம் ஊத்தி ருசி பாக்கக் குடுங்கோ, அவர் சரி எண்டாப் பிறகு மற்றவைக்கு ஊத்தி, கடைசியா அவருக்கு நிரப்புங்கோ. போத்தலில பழுது இருந்தா ஒரு ஆளோட நிக்க வேணும், அதுக்குத் தான் இந்த ஒழுங்கு.

ஊத்தினவுடன கிளாஸ் விளிம்பில குட்டிக் குமிழ் தெரியும். நொதிக்கேக்க வந்த காபனீரொட்சைட்டில கொஞ்சத்தை வேணுமெண்டே உள்ளுக்கு விட்டு வைக்கினம், நாக்கில லேசாக் குத்திப் புத்துணர்ச்சி குடுக்கிறது அது தான். புளிச்சுப் போச்சு, பொங்குது எண்டு திருப்பிக் கொண்டு போகாதீங்கோ. நொய்ஷாத்தெல் பக்கத்துப் பழைய ஆக்கள் போத்தலைக் கொஞ்சம் உயரத்தில பிடிச்சு ஊத்தி, குமிழ் நடுவில நட்சத்திரம் மாதிரிக் கூடுதோ எண்டு பாப்பினம். வேற பாத்திரத்தில ஊத்திக் காத்துப் பட வைக்கிற வேலை இதுக்கு வேண்டாம், இருக்கிற குமிழும் போயிடும்.

எல்லாருக்கும் ஊத்தி முடியும் வரைக்கும் ஒருத்தரும் குடிக்கிறதில்லை. பிறகு சாந்தே எண்டு சொல்லி ஒவ்வொருத்தரையும் கண்ணுக்கு நேர பாத்து கிளாஸை முட்டுங்கோ. மேசையைப் பாத்துக் கொண்டு முட்டினா இங்க மரியாதைக் குறைவா எடுப்பினம், எங்கட ஆக்கள் வெக்கத்தில தலையைக் குனிஞ்சு கொண்டு முட்டுறதைக் கவனிச்சிருக்கிறன், அதால தான் சொல்லுறன்.

6. வாயில என்ன தேடுறது

முதல் வாய் குடிச்சிட்டு ஒண்டும் இல்லையே எண்டு சொல்லுற ஆக்கள் தான் கூட. பச்சை அப்பிள், வெள்ளைப் பூ, ஈரக் கல்லு, கடைசியில மெல்லிய கைப்பு, சில போத்தலில உப்புச் சாயல். இவ்வளவும் இருக்கு, ஆனா எல்லாம் குறைஞ்ச அளவில. கூர்மையான புளிப்பும் இராது, ஏனெண்டா கனபேர் இந்த வைனை ரெண்டாவது தரமும் நொதிக்க விட்டு, அப்பிள் புளிப்பைப் பால் புளிப்பா மாத்தித் தான் போத்தலில அடைக்கினம். அந்த மிருது தான் சீஸோட ஒத்துப் போறது.

சரியா விளங்க ஒரு சின்னச் சோதனை. ஒரு வாய் வைன், பிறகு ஒரு துண்டு குருயேர் சீஸை நல்லாச் சப்பி விழுங்குங்கோ, உடன இன்னொரு வாய் வைன். ரெண்டாவது வாய்க்கு வைன் கொஞ்சம் இனிப்பா, பழமாத் தெரியும், நாக்கில படிஞ்ச கொழுப்பும் கழுவிப் போயிடும். சேர்விஸுக்கு வாற பிள்ளையளுக்கு நான் முதல்ல செய்யச் சொல்லுறது இதை. ஒருக்காச் செய்தாப் பிறகு, இந்த வைன் ஏன் சாப்பாட்டோட நல்லாச் சேர்ற வைன் எண்டதை வாடிக்கையாளருக்குச் சொந்தச் சொல்லில சொல்லலாம்.

7. எந்தச் சாப்பாட்டோட எது

*வாவி மீன்.* லெமான் வாவிக் கரையில பெர்ஷ் மீன் ஃபிலே பட்டரில பொரிச்சு, தேசிக்காயும் பொரிச்ச உருளைக்கிழங்கும் வச்சுக் குடுப்பினம். சதை மெல்லிசு, இனிப்பு. மணம் கூடின வைன் அதை அடிச்சுப் போடும், ஃபெஷியோ விலெத்தோ எண்டா மீன் முன்னுக்கு நிக்கும். தேசிக்காயைக் கனக்கப் பிழிய விடாதீங்கோ, சாப்பாட்டில புளிப்பு ஏறினா புளிப்புக் குறைஞ்ச வைன் வெறுமையாத் தெரியும். வாவியில பிடிபடுறது காணாததால கன இடத்தில பெர்ஷ் இறக்குமதி தான், எங்க இருந்து வந்தது எண்டு வாடிக்கையாளர் கேக்க முதல் குசினியில கேட்டு வச்சிருங்கோ.

*வலே தட்டு.* காய வச்ச மாட்டிறைச்சியை மெல்லிசாச் சீவி, ரை (rye) தானியப் பாண், சீஸ், கோர்னிஷோன் எண்ட குட்டிக் கெக்கரிக்காய் ஊறுகாயோட வைப்பினம். ஃபாந்தான் தவிர வேற ஒண்டும் வேண்டாம். இறைச்சியில உப்புக் கூட, துவர்ப்பில்லாத இந்த மெல்லிசான வைன் அதோட நல்லாப் போகும். இறைச்சியைப் பிரிட்ஜில இருந்து எடுத்து உடன வைக்காம கொஞ்ச நேரம் வெளிய விட்டா கொழுப்பு இளகி மணம் வரும்.

*ராக்லெட்.* உருக்கின சீஸ், தோலோட அவிச்ச உருளைக்கிழங்கு, சின்ன வெங்காய ஊறுகாய். ஆளுக்கு 200, 250 கிராம் சீஸ். ஃபாந்தானை மற்ற நாளை விடக் கொஞ்சம் கூடக் குளிரா, 8 டிகிரியிலயே வையுங்கோ, மேசையில அடுப்புச் சூடு இருக்கு, வைன் கெதியாச் சூடேறும்.

*பப்பே.* லீக்ஸும் உருளைக்கிழங்கும் வெள்ளை வைன் கொஞ்சம் விட்டு மசிய வேக வச்சு, உள்ளுக்குக் கோவா கலந்த வோ சொசேஜை மேல வைக்கிறது. பண்டி இறைச்சி, நல்ல கொழுப்பு. இதுக்கு ஃபெஷி காணாது, இவோர்னோ சான்-சஃபோரானோ எடுங்கோ. சொசேஜைக் கொதிக்க விடாதீங்கோ, குத்தவும் வேண்டாம், தண்ணி 75 டிகிரியளவில நிண்டா காணும், இல்லாட்டித் தோல் வெடிச்சு ருசி முழுக்கத் தண்ணிக்குப் போயிடும்.

*வாஷ்ரான் மோன்-டோர்.* இலையுதிர் காலத்தில இருந்து வசந்தம் வரைக்கும் வாற, மரப் பெட்டியில இருக்கிற சீஸ். பெட்டியோட அலுமினியத் தாள் சுத்தி, மேல குத்தி உள்ளி செருகி, குடிக்கிற அதே வைனில ஒரு கொஞ்சம் ஊத்தி, 200 டிகிரி அவனில 25 நிமிஷம். உருளைக்கிழங்கு மேல அள்ளிப் போட்டுச் சாப்பிடுறது. ஃபொண்டூ செய்யப் பயப்பிடுற ஆக்கள் இதில தொடங்கலாம், பிழைக்க இடமில்லை.

*அஸ்பரகஸ்.* ஏப்ரல், மே மாதத்தில வலேயில வரும். கன வைன் இதோட சேந்தா தகர ருசி அடிக்கும், ஷாஸ்லா அமைதியாப் போகும். வினிகர் சோஸ் போடாம பட்டர், முட்டை சோஸோட குடுங்கோ.

*மலகோஃப்.* வான்செல், லுவான் பக்கத்தில குருயேரைப் பிசைஞ்சு பாண் துண்டில வச்சுப் பொரிக்கிற உருண்டை. அந்த ஊர் வைனோட, பொரிச்ச சூட்டோட. ஆறினா விடுங்கோ.

8. ஃபொண்டூ: செய்யிற ஒழுங்கு

நாலு பேருக்குத் தேவையானது: குருயேர் 400 கிராம், ஃப்ரிபூர் வாஷ்ரான் 400 கிராம், ஷாஸ்லா மூண்டு தொடக்கம் மூண்டரை டெசி, கோன் பிளவர் மூண்டு தேக்கரண்டி, உள்ளி ரெண்டு பல்லு, கிர்ஷ் (செரிப் பழத்தில வடிக்கிற சாராயம்) ஒரு சின்னக் கிளாஸ், மிளகு, சாதிக்காய், ஆளுக்கு 200 கிராம் பாண். மேல சொன்ன வாஷ்ரான் மோன்-டோர் வேற, இது வேற சீஸ், பேர் ஒண்டா இருக்கிறதால மாறி வாங்கிற ஆக்கள் இருக்கினம்.

முதல் நாள் பாணை வாங்கி வையுங்கோ. புதுப் பாண் முள்ளுக்கரண்டியில நிக்காது, சீஸுக்குள்ள விழுந்து கரையும். வெட்டேக்க ஒவ்வொரு துண்டிலயும் கரை இருக்கிற மாதிரி வெட்டுங்கோ, கரையில குத்தினா தான் பிடிக்கும்.

அடுப்பை மூட்ட முதல் எல்லாத்தையும் எடுத்து வையுங்கோ: சீஸ் துருவினபடி, கிர்ஷ் கிளாஸில, மேசையில சின்ன அடுப்பு எரிஞ்சபடி, ஆக்கள் கதிரையில. ஃபொண்டூ ஆக்களுக்குக் காத்துக் கொண்டு நிக்காது, ஆக்கள் தான் அதுக்குக் காத்திருக்க வேணும்.

கக்லோன் எண்ட ஃபொண்டூச் சட்டியின்ர உள்பக்கம் உள்ளியை வெட்டித் தேயுங்கோ. வைனைக் குளிரா இருக்கேக்கயே கோன் பிளவரோட கரைச்சு ஊத்துங்கோ. சூடான வைனில மாவைக் கொட்டினா கட்டி பிடிக்கும், பிறகு என்ன கிண்டினாலும் போகாது.

குருயேரை மட்டும் முதல்ல போட்டு நடுத்தரச் சூட்டில மரக்கரண்டியால எட்டு எழுதுற மாதிரிக் கிண்டுங்கோ. வட்டமாக் கிண்டினா நடுவில அடிப்பிடிக்கும், எட்டு எண்டா சட்டியின்ர எல்லா இடமும் படும். குருயேர் முழுக்க உருகினாப் பிறகு தான் சூட்டைக் குறைச்சு வாஷ்ரானைப் போட வேணும். வாஷ்ரான் குறைஞ்ச சூட்டிலயே உருகிற சீஸ், கொதிச்சா நூல் நூலாப் பிரியும். வெறும் வாஷ்ரானில செய்யிற ஃப்ரிபூர் ஃபொண்டூவுக்கு வைனே விடாமத் தண்ணி விட்டு இளம் சூட்டில தான் செய்வினம், அதைப் பாத்தாலே அந்தச் சீஸுக்குச் சூடு எவ்வளவு ஆகாது எண்டு விளங்கும்.

கடைசியில கிர்ஷ், மிளகு, சாதிக்காய். உப்புப் போடாதீங்கோ, சீஸில இருக்கு.

இதுக்கு வைன் ஏன் வேணும் எண்டு கேப்பினம். வைனில இருக்கிற புளிப்பு, சீஸ் புரதத்தை ஒண்டோட ஒண்டு கட்டி வச்சிருக்கிற கல்சியத்தைப் பிடிச்சுக் கொள்ளும், அதால புரதம் திரளாம வழுவழுப்பா நிக்கும். மாவு கொழுப்புப் பிரியாமப் பாக்கும். ஷாஸ்லாவில புளிப்புக் குறைவு எண்டு முதலே சொன்னன், அதால நல்லாப் பழுத்த குருயேர் போடுறீங்கள் எண்டா ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ப் புளி சேத்துக் கொள்ளுங்கோ. எண்ணெய் பிரிஞ்சு அடியில சீஸ் கட்டியா நிண்டாலும் அதே வைத்தியம் தான்: ஒரு தேக்கரண்டி மாவைக் கொஞ்ச வைனிலயும் தேசிக்காய்ப் புளியிலயும் கரைச்சு ஊத்தி, சூட்டில வச்சு வேகமா அடியுங்கோ, திரும்பி ஒண்டாகும். சட்டியைக் கழுவிக் கொட்டிற தேவை இல்லை.

மேசையில வச்சாப் பிறகு, பாணைத் தோய்க்கிற ஒவ்வொருத்தரும் அடி வரைக்கும் விட்டுக் கிண்ட வேணும். மேலால மட்டும் தொட்டு எடுத்தா அடி கருகி, கருகல் மணம் முழுச் சட்டிக்கும் ஏறும். கடைசியில அடியில ஒரு பொன்னிறப் படை பிடிச்சிருக்கும், அதைச் சுரண்டிப் பங்கு போட்டுச் சாப்பிடுறது தான் வழக்கம், கழுவப் போடாதீங்கோ.

குடிக்கிறது சமைச்ச அதே வைன், இல்லாட்டிச் சூடான பிளேன் ரீ. ரீ கேக்கிற ஆக்களை ஒரு மாதிரிப் பாக்க வேண்டாம். சூரிச்சில இதை ஆராய்ஞ்சு 2010 இல வெளியிட்டவை, ஃபொண்டூவோட வைன் குடிச்ச ஆக்களுக்கு ரீ குடிச்ச ஆக்களை விட வயிறு மெதுவாத் தான் காலியாச்சுது, ஆனா அஜீரணத் தொல்லையில பெரிய வித்தியாசம் இல்லை. குடிக்காத ஆக்கள் மேசையில இருந்தா ரீயையும் வைனோட சேத்தே கொண்டு போய் வையுங்கோ, அவை வாயைத் திறந்து கேக்க வேண்டி வரக் கூடாது.

9. எங்கட சாப்பாட்டோட

உறைப்புக் கறி, நண்டு, சம்பல் பக்கம் இந்த வைனைக் கொண்டு போகாதீங்கோ, ஒண்டும் தெரியாது. உறைப்பில்லாத மீன் சொதி நல்லாப் போகும், தேங்காய்ப்பாலின்ர மிருதுவும் வைனின்ர மிருதுவும் ஒத்து வரும், ஆனா தேசிக்காயைக் குறைச்சுப் பிழியுங்கோ. மிளகாய் போடாத உளுந்து வடை, மிளகும் உப்பும் மட்டும் போட்ட கணவாய்ப் பொரியல், உருளைக்கிழங்குக் கட்லட், இதுகளை ஃபாந்தானோட சுவிஸ் ஆக்களுக்கு முதல்ல குடுத்து, பிறகு கறிக்கு வேற ஒண்டைத் திறவுங்கோ. ஒரு போத்தலை முழு விருந்துக்கும் இழுக்கப் பாக்கிறது தான் வீட்டில நடக்கிற பெரிய பிழை.

10. மிச்சமும் சேமிப்பும்

திருகு மூடியைத் திரும்பப் பூட்டிப் பிரிட்ஜில நிமித்தி வையுங்கோ. அடுத்த நாள் குமிழ் குறைஞ்சிருக்கும், ருசி நிக்கும். மூண்டாம் நாளுக்குப் பிறகு குடிக்கிறதை விட்டுட்டுச் சமையலுக்கு எடுங்கோ, ஒரு டெசி அளவில ஐஸ் தட்டில ஊத்தி உறைய வச்சா அடுத்த பப்பேக்கோ மீன் சோஸுக்கோ உதவும்.

திறக்காத போத்தலை அடுப்புக்கு மேல இருக்கிற அலுமாரியில அடுக்காதீங்கோ, குசினிச் சூடு ஒரு கோடையிலேயே இதைச் சாகடிக்கும். நிலக்கீழ் அறை இருந்தா அங்க, இல்லாட்டி வெளிச்சம் படாத, ஆகக் குளிரான மூலையில. தக்கை போட்டது எண்டா படுக்க வையுங்கோ, திருகு மூடி எண்டா நிண்டாலும் பரவாயில்லை. வாங்கின மாதத்தைப் பேனையால லேபிளில எழுதி விட்டா, பழசு பின்னுக்குப் போய் மறைஞ்சு கிடக்காது.